தாங்கும் ரகம் என்றார்கள், மூன்றாம் வருடம் குலைநோய் ஏன் வந்தது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிப் பக்கம் நாலு ஏக்கர். சம்பாவுக்குப் பிபிடி 5204, அதாவது சம்பா மசூரி நெல் போட்டுக் குலைநோயில் நொந்துபோய், 'இது தாங்கும்' என்று சொன்ன வேறொரு ரகத்துக்கு மாறினீர்கள். இரண்டு வருடம் ஒன்றும் இல்லை. மூன்றாம் வருடம் மார்கழிக் கடைசியில் கதிர் கழுத்தோடு சாய்ந்து பாதி பதராகிவிட்டது. விதையின் ஜீன் நீர்த்துப்போய்விட்டதா, கலப்பட விதையா, இல்லை வரப்புப் புல்லில் இருக்கும் புள்ளி நோய்தான் வயலில் இறங்கிவிட்டதா என்று கேட்கிறீர்கள். மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: மாறியது நெல்லா, நோயா? பெரும்பாலும் நோய்தான். நான் பயிர் நோயியல் படித்தவன். சில வருடம் ஆய்வுக்கூடத்தில் குலைநோயை உண்டாக்கும் பூஞ்சையை வளர்த்துப் பார்த்தேன். அப்புறம் இருபது வருடத்துக்கும் மேலாக டெல்டாவில் வயல் வயலாக இறங்கியிருக்கிறேன். அந்த இரண்டையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஜீன் பக்கம் போவதற்கு முன்னால், வந்தது குலைநோய்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். வெளுத்த கதிரைப் பார்த்தவுடன் கழுத்துக் குலைநோய் என்று சொல்லிவிடுகிறார்கள். அதில் ஒரு பங்கு குருத்துப்பூச்சியின் வெண்கதிராக இருக்கும். கதிரைப் பிடித்து மெல்ல இழுங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்து, அடியில் கடித்த தடம் தெரிந்தால் அது பூச்சி. இழுத்தாலும் வராமல், கதிருக்கு நேர் கீழே உள்ள கணுவில் சாம்பலும் கறுப்புமாக ஒரு வளையம் விழுந்து, அந்த இடத்தில் மடக்கினால் ஒடிந்தால் அது குலைநோய். இலையிலும் பாருங்கள். குலைநோய்ப் புள்ளி கண் வடிவத்தில், இரு முனையும் கூராக, நடுவில் சாம்பல் நிறமாக, ஓரம் பழுப்பாக இருக்கும். செம்புள்ளி நோயின் புள்ளி எள்ளு மாதிரி உருண்டு நீண்டிருக்கும், சத்துக் குறைந்த மண்ணில் அதிகம் தெரியும். இனி எழுதுவதெல்லாம் வந்தது குலைநோய்தான் என்று வைத்துக்கொண்டு.

விதையைப் பற்றி. நெல் தனக்குத்தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் பயிர். பக்கத்து வயலின் மகரந்தம் வந்து சேர்வது மிகவும் குறைவு. அதனால் எதிர்ப்பு ஜீன் மூன்று வருடத்தில் கரைந்துபோக வழியில்லை. ஜீன் தேயும் பொருள் அல்ல, முதல் வருட விதையில் இருந்ததுதான் மூன்றாம் வருடத்திலும் இருக்கும். கலப்படம் வேறு விஷயம், அது நடக்கக்கூடியது. ஆனால் கலந்த விதை கண்ணுக்குத் தெரியும். பயிர் ஒரே மட்டமாக நிற்காது, சில தூர்கள் முன்னால் கதிர் தள்ளும், மணியின் பருமன் மாறும். உங்கள் வயல் ஒரே மட்டமாக நின்று, நோயும் பரவலாக வந்திருந்தால் கலப்படத்தின் மேல் பழி போட முடியாது.

இன்னொன்றும் யோசியுங்கள். நோய் வராத அந்த இரண்டு வருடமும் பக்கத்து வயல் பிபிடியில் குலைநோய் இருந்ததா? இருந்து, உங்கள் வயலில் மட்டும் இல்லை என்றால் ரகம் உண்மையாகவே தாங்கியது. அங்கேயும் இல்லை என்றால், அந்த வருடம் பனியும் தூறலும் சரியாக அமையவில்லை, உங்கள் ரகத்துக்குச் சோதனையே வரவில்லை என்றுதான் அர்த்தம். 'ரெண்டு வருஷம் தாங்குச்சு' என்று என்னிடம் சொன்னவர்களில் பலரிடம் இந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்டால் யோசனையில் ஆழ்ந்துவிடுகிறார்கள்.

இப்போது பூஞ்சைக்கு வருவோம், விஷயமே அங்கேதான் இருக்கிறது. குலைநோய்ப் பூஞ்சையின் வித்து பேரிக்காய் வடிவம், மூன்று அறைகள். பனித்துளி படிந்த இலையில் வந்து ஒட்டிக்கொண்டு, ஒரு சின்னக் குழாய் விட்டு, அதன் நுனியில் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு உறுப்பைக் கட்டுகிறது. வித்தின் மூன்று அறைகளும் தங்களிடம் உள்ளதையெல்லாம் அந்தக் கிண்ணத்துக்குக் கொடுத்துவிட்டுச் செத்துவிடுகின்றன. கிண்ணத்தின் சுவரில் மெலனின் என்ற கருநிறப் பொருள் பூசப்படுகிறது, உள்ளே கிளிசரால் சேர்கிறது, தண்ணீர் புகுந்து அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் 8 மெகாபாஸ்கல் வரை போகும். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல முப்பது நாற்பது மடங்கு. அந்த வேகத்தில் ஒரு முளையை இலைத்தோலுக்குள் ஆணி அடிப்பது போல இறக்குகிறது. டிரைசைக்ளசோல் மருந்து வேலை செய்வது இந்த இடத்தில்தான். மெலனின் உண்டாவதை அது தடுக்கிறது. பூச்சு இல்லாத கிண்ணத்தில் அழுத்தம் நிற்காது, ஆணி இறங்காது. பூஞ்சை உள்ளே போன பிறகு அடித்தால் அந்த இலைக்கு அதனால் பெரிய பலன் இல்லை என்பதற்கும் காரணம் இதுவே. புள்ளியைப் பார்த்துவிட்டு மருந்துக்கடைக்கு ஓடுகிறவர்களிடம் நான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

உள்ளே புகுந்த பூஞ்சை சும்மா இருப்பதில்லை. நெல்லின் தற்காப்பை அமுக்குவதற்குச் சின்னச் சின்னப் புரதங்களைச் செல்லுக்குள் அனுப்புகிறது. அதில் ஏதாவது ஒன்றை அடையாளம் கண்டுபிடிக்கும் காவல் புரதம் நெல்லிடம் இருந்தால், அந்தச் செல் உடனே தன்னையே கொன்றுகொள்ளும். உயிருள்ள செல் இல்லாமல் பூஞ்சை அந்தக் கட்டத்தில் வாழ முடியாது, அங்கேயே பட்டினி கிடந்து சாகும். தாங்கும் ரகத்தின் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசியால் குத்தின மாதிரி பழுப்புப் பொட்டுகள் தெரியும். பூஞ்சை வந்து தோற்றுப்போன இடங்கள் அவை. அதை நோய் என்று நினைத்து மருந்து அடித்தவர்களும் உண்டு.

எங்கள் ஊர்ப் பக்கம் அந்தக் காலத்தில் தலையாரி இருப்பார். திருடன் எப்போதும் சிவப்புத் துண்டு போட்டுக்கொண்டு வருவான் என்று அவருக்குத் தெரியும், துண்டைக் கண்டால் ஊரை எழுப்பிவிடுவார். திருடன் துண்டை வீட்டில் வைத்துவிட்டு வந்தால்? தலையாரி அதே ஆள்தான், கண்ணும் நன்றாகத்தான் தெரிகிறது, ஆனால் திருட்டு நடந்துவிடும். உங்கள் வயலில் நடந்திருக்கக்கூடியது இதுதான். பிஐ-டா என்ற எதிர்ப்பு ஜீனை 2000-ல் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, தாங்கும் நெல்லுக்கும் தாங்காத நெல்லுக்கும் அந்தக் காவல் புரதத்தில் வித்தியாசம் ஒரே ஒரு அமினோ அமிலம் என்று தெரிந்தது. 918-ஆவது இடத்தில் அலனின் இருந்தால் தாங்குகிறது, செரின் இருந்தால் விழுகிறது. அந்தக் காவல் புரதம் தேடும் 'சிவப்புத் துண்டு' பூஞ்சையின் ஒரு புரதம், அதை உண்டாக்கும் ஜீன் பூஞ்சையின் குரோமோசோம் நுனியிலேயே இருக்கிறது. நுனி என்பது அடிக்கடி அறுந்துபோகும், இடம் மாறும், தாவும் டி.என்.ஏ. துண்டுகள் வந்து நடுவில் சொருகிக்கொள்ளும் இடம். பூஞ்சையின் அந்த ஜீன் கெட்டாலும் தொலைந்தாலும் பூஞ்சை பிழைத்துக்கொள்கிறது. நம் வயல்களில் இந்தப் பூஞ்சை ஆண் பெண் சேர்க்கை இல்லாமல் வித்து மூலமாகவே பெருகுகிறது, ஆனாலும் மாறிக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். ஒரே ஒரு கண் புள்ளி ஒரு ராத்திரியில் ஆயிரக்கணக்கில் வித்து விடும். கோடிக்கணக்கான வித்தில் ஒன்று துண்டைத் தொலைத்திருந்தால் போதும். வட்டாரம் முழுக்க ஒரே ரகம் நின்றால் அந்த ஒன்றுக்குத்தான் விருந்து.

வரப்புப் புல்லைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குப் பதில் நம் தமிழ்நாட்டு நெல் ஒன்றிலேயே இருக்கிறது. கோயம்புத்தூரில் உருவான கோ 39 என்ற குறுகிய கால ரகம் உங்களுக்கு நினைவிருக்கலாம். குலைநோய்க்கு அது உடனே விழும். அந்தக் குறைக்காகவே உலகம் முழுக்க அதை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கோ 39-க்குள் ஒவ்வொரு எதிர்ப்பு ஜீனாகப் புகுத்திச் சோதனை வரிசைகளை உண்டாக்கினார்கள், 1992-ல் அது வெளிவந்தது. தாங்காத நெல்லில் ஒரே ஒரு ஜீனைச் சேர்த்தால்தானே அந்த ஜீனின் வேலை தனியாகத் தெரியும். ஆனால் எதுவும் தாங்காது என்று நினைத்த அந்தக் கோ 39, வேறு ஒரு புல்லிலிருந்து வந்த பூஞ்சை வம்சத்தைத் தடுத்து நிறுத்தியது. பூஞ்சையில் அது அடையாளம் காணும் ஜீனுக்கு ஏவிஆர்1-கோ39 என்றே பெயர் வைத்தார்கள். அப்புறம் தேடிப் பார்த்தபோது, மற்றப் புற்களைத் தாக்கும் பூஞ்சைகளில் அந்த ஜீன் பெரும்பாலும் இருக்கிறது, நெல்லைத் தாக்கும் பூஞ்சைகள் பெரும்பாலானவற்றில் அது தொலைந்திருக்கிறது. அதாவது இந்தப் பூஞ்சை நெல்லுக்குள் குடியேறிய பாதையில் அந்தத் துண்டைக் கழற்றிப் போட்டிருக்கிறது.

கோ 39 அதைப் பிடிக்கும் விதம் எனக்கு எப்போது நினைத்தாலும் ஆச்சரியம். காவல் வேலையில் இரண்டு புரதங்கள் ஜோடியாக இருக்கின்றன. ஒன்று மணியடிக்கும் ஆள், இன்னொன்று அவன் கையைப் பிடித்து வைத்திருக்கும் ஆள். கையைப் பிடித்திருப்பவனின் உடம்பிலேயே, பூஞ்சை வழக்கமாகக் குறிவைக்கும் புரதத்தின் சாயலில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது, திருடன் தேடும் பெட்டியைப் போலவே ஒரு பொய்ப்பெட்டி. பூஞ்சையின் புரதம் வந்து அதைத் தொட்டவுடன் பிடி தளர்கிறது, மணி அடிக்கிறது. இந்த ஜோடியின் வேலை 2013 வாக்கில் தெளிவானது. அந்தப் பொய்ப்பெட்டியை மாற்றி அமைத்துப் புதிய பூஞ்சைப் புரதங்களையும் பிடிக்க வைக்க முடியுமா என்று இப்போது முயல்கிறார்கள்.

ஆக, உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: அருகம்புல்லிலோ குதிரைவாலிப் புல்லிலோ நீங்கள் பார்த்த புள்ளி எல்லாமே நெல் குலைநோய் அல்ல. வேறு பூஞ்சையாக இருக்கலாம். இதே பூஞ்சையாக இருந்தாலும் அது வேறு வம்சமாக இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். கேழ்வரகைத் தாக்குவது ஒரு வம்சம், தினையைத் தாக்குவது ஒன்று, கோதுமையைத் தாக்குவது ஒன்று, நெல்லுக்கு ஒன்று. இது உறுதியான செய்தி. இதில் விதிவிலக்கும் நடந்திருக்கிறது. 1985-ல் பிரேசிலில் கோதுமைக்குக் குலைநோய் வந்தது. ஒரு குறிப்பிட்ட எதிர்ப்பு ஜீன் இல்லாத கோதுமை ரகங்களை அங்கே பரவலாகப் போட்டதுதான், புல்லில் இருந்த பூஞ்சைக்குக் கோதுமை வாசலைத் திறந்துவிட்டது என்று பின்னால் தெரிந்தது. 2016-ல் அந்தக் கோதுமை நோய் வங்கதேசத்துக்கும் வந்துவிட்டது. வம்சங்களுக்கு இடையே கொஞ்சம் ஜீன் பரிமாற்றமும் நடந்திருப்பதாக டி.என்.ஏ. காட்டுகிறது. ஆனால் ஒரு பருவத்தில் உங்கள் வரப்புப் புல்லிலிருந்து நெல்லுக்குத் தாவி, வயலையே சாய்ப்பது என்பது வேறு கதை. உங்கள் வயலுக்கு வித்து வரும் வழி பெரும்பாலும் நெல்தான்: முந்தைய பயிரின் தாள், வைக்கோல், நோய் வந்த வயலில் எடுத்த விதை, குறுவைக்கும் சம்பாவுக்கும் தாளடிக்கும் இடையே எப்போதும் எங்காவது பச்சையாக நிற்கும் பக்கத்து வயல். புல்லை வெட்டுவது மற்ற காரணங்களுக்கு நல்லது, குலைநோய்க்கு அதை மட்டும் நம்பாதீர்கள்.

உங்கள் வயலில் துண்டைத் தொலைத்த புதிய பூஞ்சை இனம் வந்ததா, இல்லை அந்த வருடப் பனிக்கும் நீங்கள் போட்ட யூரியாவுக்கும் நடுத்தரமாகத் தாங்கும் ரகம் தாக்குப்பிடிக்கவில்லையா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. மாதிரி எடுத்துச் சோதனை வயலில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். விதை மூட்டையில் 'நடுத்தர எதிர்ப்புத்திறன்' என்று எழுதியிருந்தால், அது நோயே வராது என்ற உறுதி அல்ல. இலையில் தாங்கும் ரகம் கழுத்தில் விழுவதும் உண்டு.

இது நமக்குப் புதிதும் அல்ல. 1919-ல் தஞ்சாவூர் டெல்டாவில்தான் இந்தியாவில் குலைநோய் முதன்முதலாகப் பெரிய அளவில் அழிவு செய்தது. அதற்கப்புறம் கோ 4 என்ற ஆனைக்கொம்பன் நெல்லைத் தாங்கும் பெற்றோராக வைத்து ரகங்களை உண்டாக்கினார்கள். இன்றைக்கு நூறுக்கு மேல் எதிர்ப்பு ஜீன்களுக்கு இடம் குறித்தாகிவிட்டது. வியட்நாமின் டெட்டெப் நெல்லிலிருந்து வந்த பிஐ54-ஐ நம் நாட்டு விஞ்ஞானிகளே 2005-ல் பிரித்தெடுத்தார்கள். பிஐ9 ஒரு காட்டு நெல்லிலிருந்து வந்தது. இரண்டு மூன்று ஜீன்களை ஒரே ரகத்தில் அடுக்கினால், பூஞ்சை ஒரே நேரத்தில் அத்தனை துண்டையும் தொலைத்தாக வேண்டும், அது கஷ்டம். டெல்லி பூசா நிறுவனம் 2021-ல் வெளியிட்ட பாஸ்மதி 1847, 1885, 1886 ரகங்களில் பிஐ2, பிஐ54 இரண்டும் சேர்ந்து இருக்கின்றன. ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன்: 'மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி' என்று கிடைப்பது பிபிடியில் பாக்டீரியா இலைக்கருகலுக்கு மூன்று ஜீன் சேர்த்தது. குலைநோய்க்கு அந்த ஜீன்கள் உதவாது. அதை வாங்கிவிட்டுக் குலைநோய் வந்ததே என்று வருத்தப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆட்களை அடையாளம் பார்க்காமல் எல்லாப் பூஞ்சையையும் கொஞ்சம் கொஞ்சமாக மந்தப்படுத்தும் ஜீன்களும் உண்டு. ஜப்பானின் மானாவாரி நெல்லில் இருந்த பிஐ21 அப்படி ஒன்று. நீண்ட நாள் நிலைக்கும் என்று தெரிந்திருந்தும், அதைச் சேர்த்தால் சோறு ருசி கெட்டுப்போனது. ருசியைக் கெடுத்தது பக்கத்திலேயே ஒட்டியிருந்த வேறொரு ஜீன் என்று 2009-ல் தெரிந்தது, பிறகுதான் இரண்டையும் பிரிக்க வழி கிடைத்தது. என் கருத்தில் டெல்டாவுக்கு வேண்டியது இந்த மாதிரி மெதுவான எதிர்ப்புதான். அது வரும்வரை ரகங்களைக் கலந்து பயிரிடுவது நல்ல வழி. சீனாவின் யுன்னானில் 1998, 1999 வருடங்களில் நோய்க்கு விழும், வேகவைத்தால் பசையாக ஒட்டும் ஒட்டரிசி நெல்லைத் தாங்கும் ரகத்தோடு வரிசை மாற்றி நட்டார்கள், ஒட்டரிசியில் குலைநோய் 94 சதவீதம் குறைந்தது. நம் ஊரில் மிஷின் அறுவடை, ஆலைக்காரர் கணக்கு எல்லாம் இருப்பதால் ஒரே வயலில் கலக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் நாலைந்து பேர் பேசிக்கொண்டு ஆளுக்கொரு ரகம் போட முடியும். உங்கள் நாலு ஏக்கரிலேயே இரண்டு ரகம் போடலாம்.

அடுத்த சம்பாவுக்கு என்ன செய்வது? நோய் வந்த வயலில் விதை எடுக்காதீர்கள். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். தழைச்சத்து அதிகமான பயிரில் குலைநோய் பெருகும் என்பதில் சந்தேகமே இல்லை, இலை கரும்பச்சையாக இருந்தால் மேலுரத்தை நிறுத்துங்கள். மார்கழி, தை மாதங்களில் ராத்திரி குளிர்ந்து, இலை காலை ஒன்பது மணி வரை நனைந்தே இருந்து, தூறலும் சேர்ந்தால் அதுதான் ஆபத்தான வாரம். அந்த நேரத்தில் பயிர் தொண்டைக்கதிரில், அதாவது கதிர் இன்னும் உறைக்குள்ளேயே பருத்து நிற்கும் நிலையில் இருந்தால் மருந்தை அப்போதே அடிக்க வேண்டும், கதிர் லேசாக வெளியே தலைகாட்டும்போது இன்னொரு முறை. கழுத்து ஒடிந்த பிறகு அடிப்பது பணத்துக்குத்தான் கேடு. ஏற்றுமதிக்குப் போகும் நெல் என்றால் டிரைசைக்ளசோலில் கவனம் வேண்டும், ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் கொண்டுவந்த விதியில் அரிசியில் அனுமதிக்கும் அதன் எச்ச அளவைக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டது. நோயை அடக்கப் போடும் நன்மை செய்யும் பாக்டீரியாவான சூடோமோனாஸ் பற்றிக் கேட்பீர்கள். விதை நேர்த்திக்குப் போடுங்கள், நோய் அழுத்தம் குறைவான வருடத்தில் உதவும். பனி பலமாக இருக்கும் வருடத்தில் அதை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம்.

சாய்ந்த கதிர் இன்னும் கைவசம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கழுத்துப் பகுதியை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, நிழலில் காயவைத்து, பழைய காகித உறையில் போடுங்கள். பாலித்தீனில் போட்டால் புழுங்கி வேறு பூஞ்சைகள் ஏறிவிடும், பிறகு எதையும் பிரித்தெடுக்க முடியாது. நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ கொடுத்துக் கேட்கலாம். உறையின் மேல் ரகத்தின் பெயர், நட்ட தேதி, கதிர் வந்த தேதி, யூரியா எப்போது எவ்வளவு போட்டீர்கள் என்பது, பக்கத்து வயலில் என்ன ரகம், அதிலும் நோய் இருந்ததா என்பது, இவை ஐந்தையும் எழுதிவிடுங்கள்.